கிளைடரைத் தரையிற் கையாளுதல்

பொறியின் துணையின்றிக் காற்றையே நம்பிப் பறக்கும் விமானத்தைக் கிளைடர் என்பர். வெயிலாற் சூடேறி மேலெழுகின்ற காற்றை இனங்கண்டு, பருந்து வட்டமிடுவதுபோல அதனுள்ளே வட்டமிட்டு, பல்லாயிரம் அடி உயரம் ஏறி, நூற்றுக்கணக்கான மைல் தூரத்தைக் கடந்துவர வல்லது இவ்விமானம். இதன் வானத்துச் சாதனைகளைப் பற்றிப் பலரும் பேசியிருக்கின்றனர். ஆனால், பறக்காதிருக்கும் வேளையில் இதற்கு என்ன நேர்கின்றது என்பதைப் பற்றிப் பேசியவர் சிலரே. ஒரு கழகத்துக்குச் சொந்தமான கிளைடரின் வாழ்நாளிலே, வானத்தில் இருக்கும் நேரத்தினும் தரையில் இருக்கும் நேரமே மிகப் பெரிது. கொட்டகையிற் கிடக்கும், புல்வெளியில் இழுபட்டுச் செல்லும், முறை வரும்வரை காத்து நிற்கும். அதன் உடலிற் படும் காயங்களிற் பலவும் இந்த நேரத்திலேதான் படுகின்றன.

முகிலினிடையே குலுக்கலையும் உலுக்கலையும் தாங்குகின்ற ஒரு விமானம், புல்தரையிலே நாலு பேர் தள்ளுவதைத் தாங்காதா என்று நேயர்கள் வினவலாம். தாங்காமற் போவதுண்டு. பறக்கும்போது காற்றானது இறக்கையின் முழுப் பரப்பிலும் பரந்து நின்று விமானத்தைத் தாங்குகின்றது. எந்த ஓர் இடத்தையும் அது குத்துவதில்லை. மனிதனுடைய கை அவ்வாறன்று. முட்டையை உள்ளங்கையிலே பொத்தி அமுக்கினால் எளிதில் உடையாது. அதே முட்டையை விரல் நுனியாற் குத்தினால் ஓடு உள்ளே போய்விடும். கிளைடரின் இறக்கையும் இத்தகையதே. எங்கே வலிமை வேண்டுமோ அங்கே வலிமையும், வேண்டாத இடத்திலே இயன்றவரை எடைக் குறைவும் வைத்து அதனை ஆக்கியிருக்கின்றனர். வலிய இடம் எது, மெலிய இடம் எது என்று அறியாத கை அதற்குப் பகையாகிவிடும்.

ஆதியில் இத்தொல்லை இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. ஜேர்மனியிலே ஒட்டோ லிலியென்தால் என்பவர் 1891 முதல் 1896 வரை பறந்து காட்டிய கிளைடர் ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையுள்ளது. அவர் அதனைத் தாமே சுமந்து குன்றின் மேல் ஏறி, அங்கிருந்து காற்றை எதிர்த்து ஓடிப் பறந்தார். பின்னர் 1920 இல் றோன் மலைப்பகுதியில், 950 மீற்றர் உயரமான வாசர்க்குப்பெ என்னும் மலையிலே கிளைடர்ப் போட்டிகள் ஆரம்பமாயின. அங்கே றப்பர்க் கயிற்றினால் கவண்கல்லைப்போல விமானத்தை மலைச்சரிவிலிருந்து எறிந்தார்கள். எறிவது எளிதாயிருந்தது. பள்ளத்தாக்கிலே இறங்கிய விமானத்தை மறுபடியும் மலையுச்சிக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாயிற்று. இளைஞர்களுடைய தோள்வலியும், சில வேளைகளிற் குதிரைகளின் வலியும் அதற்கு வேண்டியிருந்தன. ஒரு நிமிடப் பறப்புக்கு ஒரு மணி நேரச் சுமை என்றால் அது மிகையாகாது.

அதே மலையின் அடிவாரத்திலுள்ள பொப்பன்ஹவுசன் என்னும் ஊரில் இயங்கும் ஷ்லைகர் தொழிற்சாலை ஏ.எஸ்.கே. 21 என்னும் கிளைடரைச் செய்தது. 1978 இல் முதன்முதலாகப் பறந்த இவ்விமானம் இன்று உலகெங்கும் பயிற்சிக் கழகங்களிலே பயன்படுகின்றது. இருவர் இருந்து பறக்கத்தக்கது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 17 மீற்றர். ஆளில்லாத வெற்றெடை ஏறத்தாழ 360 கிலோகிராம். லிலியென்தால் சுமந்ததைப்போலப் பதினெட்டு மடங்கு. இதனைச் சுமக்க முடியாது, உருட்ட வேண்டும். உருட்டும்போது கவனிக்கவேண்டிய முதற் பகைவன் காற்று.

கிளைடருக்குத் தான் வானத்தில் இருப்பதும் தெரியாது, தரையில் இருப்பதும் தெரியாது. இறக்கையின் மேல் காற்று ஓடினால் அது எழும்பப் பார்க்கும். அதுவே அதன் தொழில். ஏ.எஸ்.கே. 21 இன் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று இதனை ஏற்ற கோணத்திலே சந்தித்தால், ஏறத்தாழ 110 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை பிறக்கும் என்பது கணக்கு. காற்றின் வேகம் இருமடங்கானால் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. ஆகவே மணிக்கு 72 கிலோமீற்றர் வேகக் காற்றிலே 450 கிலோகிராமைத் தூக்கும் விசை உண்டாகும். வெறுமையாக நிற்கும் விமானமோ 360 கிலோகிராமே உள்ளது. அத்தகைய காற்றிலே, காவலின்றி மூக்கைக் காற்றுக்கு நேரே காட்டி நிற்கும் கிளைடர், விமானி இல்லாமலே எழும்பிப் புரண்டு விழுதல் அதிசயமன்று. இடிமுகில் நெருங்கும்போது அதன் முன்னே ஓடிவரும் குளிர்க்காற்று இத்தகைய வேகத்தைச் சில நிமிடங்களில் எட்டிவிடும். அதனாலேதான், தூரத்திலே முகில் கறுப்பதைக் கண்டவுடன் அனுபவமுள்ள கழகத்தார் பறப்பை நிறுத்திக் கொட்டகைக் கதவைத் திறக்கின்றனர்.

இனி, தள்ளும் முறைக்கு வருவோம். இங்கிலாந்திலே டன்ஸ்டபிள் குன்றடியில் 1930 இல் நிறுவப்பட்ட இலண்டன் கிளைடர்க் கழகம் இருக்கின்றது. ஹாம்ப்சயர் மாகாணத்து லாஷம் என்னும் இடத்தில், யுத்தகால விமானத்தளம் ஒன்றிலே 1951 முதல் கிளைடர்கள் பறக்கின்றன. இத்தகைய கழகங்களிலே புதிதாய்ச் சேர்ந்தவர் வானத்தைக் காணுமுன்னர்த் தரைவேலையையே கற்றுக்கொள்கிறார். முதற் பாடம், எங்கே கை வைக்கலாகாது என்பது. இறக்கையின் பின்விளிம்பிலே அசையும் மடல்கள் இருக்கின்றன. விமானத்தைச் சரிக்கவும் திருப்பவும் உதவுபவை அவை. அவற்றைப் பிடித்துத் தள்ளலாகாது. வாலின் குறுக்கு இறக்கையைப் பிடித்துத் தூக்கலாகாது. விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியிற் சாயலாகாது. பின்னோக்கித் தள்ளவேண்டுமாயின், இறக்கையின் முன்விளிம்பிலே, உடலோடு சேரும் இடத்துக்கு அண்மையில், உள்ளங்கையை விரித்து வைத்துத் தள்ளவேண்டும். இறக்கை மிக வலிதாய் இருப்பது அவ்விடத்தில். நெம்புகோலின் தீங்கு மிகக் குறைவாய் இருப்பதும் அவ்விடத்திலேதான்.

நெம்புகோல் என்ற சொல்லை இங்கே சற்று விரித்துரைத்தல் நன்று. நீண்ட ஏணியைத் தோளிற் சுமந்துகொண்டு ஒழுங்கையிலே போகும் ஒருவன், யாரோ கூப்பிட்டார்கள் என்று சட்டெனத் திரும்பினால் என்ன ஆகும் என்பது யாவரும் அறிந்ததே. அவன் திரும்பியது ஒரு சாண். ஏணியின் நுனி அடுத்த வீட்டு வேலியைப் பிரித்துவிடும். கிளைடரின் சக்கரத்திலிருந்து இறக்கை நுனி எட்டரை மீற்றர் தொலைவிலுள்ளது. மூக்கு ஓரடி நகரும்போது நுனி இரண்டு மூன்று அடி நகர்ந்துவிடும். எதிர்முகமாகவும் இஃது உண்மை. நுனியிலே ஒருவன் பத்துக் கிலோகிராம் விசையாலே தள்ளினால், அதே திருப்பத்தை உடலுக்கு அரை மீற்றர் தொலைவில் நின்று தள்ளி உண்டாக்க 170 கிலோகிராம் விசை வேண்டும். ஆகவே நுனியைப் பிடிப்பவன் சிறு பிள்ளையாயினும் மல்லனுடைய வலி அவன் கையில் இருக்கின்றது. வாலை நிலத்தில் ஊன்றவிட்டபடியே நுனியைப் பிடித்துச் சுழற்றினால், அந்த வலி முழுவதும் மெல்லிய வாற்பகுதியை முறுக்கும். திருப்புமுன்னர் வாலை நிலத்திலிருந்து உயர்த்தவேண்டும், அல்லது அதன் கீழே எத்திசையும் திரும்பும் சிறு சக்கரவண்டியை மாட்டவேண்டும் என்ற விதி இதனாலேயே எழுந்தது.

நுனியைப் பிடிப்பவர் ஒருவரே. இரு நுனிகளையும் இருவர் பிடித்தால், ஒருவர் முன்னே இழுக்க மற்றவர் பின்னே இழுக்க, நடுவே அகப்பட்ட விமானம் முறுக்குண்ணும். காற்று எப்பக்கமிருந்து வருகின்றதோ அப்பக்கத்து நுனியையே பிடிக்கவேண்டும். அதனைச் சற்றுத் தாழ்த்தியும் வைத்திருக்கவேண்டும். தாழ்ந்த இறக்கையின் முதுகிலே காற்று அமுக்கும். உயர்ந்த இறக்கையின் வயிற்றிலே காற்றுப் புகுந்து புரட்டும். கதவைத் திறக்கும் வேளையிற் குடை எப்பக்கம் சரிந்தால் கையைவிட்டுப் பறக்கின்றது என்பதை மாரிகாலத்திலே கவனித்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

தேரோட்டம் கண்டவர்களுக்கு மற்றொரு விதியும் எளிதில் விளங்கும். வடத்தைப் பிடிப்பவர் நூற்றுவராயினும், தேரை நிறுத்தவும் நகர்த்தவும் குரல் கொடுப்பவர் ஒருவரே. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் அக்குரலையே கேட்டு நிற்பார். கிளைடரை நகர்த்தும்போதும் ஒருவரே பொறுப்பாளர். அவர் தாம் தள்ளுவதில்லை. எல்லாவற்றையும் காணக்கூடிய இடத்தில் நின்று சொல்லுவார். ஆனால் தேரோட்டத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ‘தள்ளு’ என்று சொல்லும் உரிமை ஒருவருக்கே உரியது. ‘நில்’ என்று சொல்லும் உரிமையோ அங்கு நிற்கும் எல்லோருக்கும் உரியது. அன்று காலை சேர்ந்த பதினாறு வயதுப் பையன் ‘நில்’ என்று கூவினாலும், இருபது ஆண்டு பறந்தவர் உட்பட எல்லோரும் அக்கணமே நிற்கவேண்டும். ஏன் கூவினான் என்ற விசாரணை நின்ற பின்னர்தான். இவ்விதி இல்லாத கழகத்திலே மற்ற விதிகள் எவ்வளவு இருந்தும் பயன் குறைவு.

நீண்ட தூரம் கொண்டுசெல்ல மோட்டார்க் காரிலே கயிற்றைக் கட்டி இழுப்பர். கயிறு இறக்கையின் பாதி நீளத்தினும் கூடுதலாக இருக்கவேண்டும். குறுகிய கயிறானால், விமானம் காற்றிலே திரும்பிவிடும் வேளையில் இறக்கை காரின் பின்புறத்தைச் சென்று அறைந்துவிடும். மனிதன் நடக்கும் வேகத்துக்கு மேலே கார் ஓடலாகாது. சாளரக் கண்ணாடி இறங்கியிருக்கவேண்டும்; காரிலுள்ள வானொலி மௌனமாயிருக்கவேண்டும். வானொலியிலே பேசப்படும் பேச்சில் இதனைச் சொல்வது சற்று முரணாகத் தோன்றலாம். ஆனால் பின்னாலிருந்து வரும் ‘நில்’ என்ற குரல் சாரதியின் காதுக்கு எட்டவேண்டுமே! சரிவிலே இறங்கும்போது கயிறு தொய்ய, விமானம் தானாக உருண்டு காரை நோக்கி ஓடும். அதனைத் தடுத்து நிறுத்துவதற்காக மூக்கருகே ஒருவர் நடந்துவருவார். பின்காற்று வீசும்போதும் அவருக்கே வேலை மிகுதி.

இழுத்துவந்த விமானத்தை நிறுத்தி வைப்பதிலும் முறையுண்டு. மூக்கைக் காற்றுக்கு நேரே காட்டி விட்டுவிட்டுப் போகலாகாது என்பதை முன்னரே கண்டோம். காற்றுக்குக் குறுக்காக நிறுத்தி, காற்று வரும் பக்கத்து இறக்கையை நிலத்திலே சாய்த்து, அதன் நுனிமேல் பாரம் வைப்பர். பாரமாகப் பயன்படுவது பெரும்பாலும் பழைய மோட்டார் ரயர். எடையும் உண்டு, இறக்கையைக் கீறவும் மாட்டாது, செலவும் இல்லை. விமானத்தின் வால் ஒரு காற்றுத்திசைகாட்டியைப்போல உடலைச் சுழற்றி மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும். ஆதலால் வாலடியிலும் ரயர்களை இட்டு அசையாதபடி செய்வர். இறக்கையின் மேலே எழும்பும் தடைத்தகடுகளைத் திறந்து வைப்பதும் வழக்கம். பறக்கும்போது விமானத்தைக் கீழிறக்க உதவும் இத்தகடுகள், தரையிலே இறக்கையின் தூக்கும் விசையைக் கெடுத்துக் காவல் செய்கின்றன.

வெயில் காலத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இதனைக் கேட்பவர் முதலில் நம்பமாட்டார். விமானியின் ஆசனத்துக்கு மேலுள்ள வளைந்த கண்ணாடி மூடியைத் திறந்தபடி விட்டுச் சென்றால், அது சில கோணங்களிலே சூரிய ஒளியைக் குவித்து உள்ளேயுள்ள மெத்தையையோ கருவிப் பலகையையோ சுட்டுவிடும். பூதக்கண்ணாடியினாற் கடதாசியை எரிக்கும் பாடசாலைப் பிள்ளைகள் இதன் தத்துவத்தை நன்கறிவர். காற்றிலே படாரென மூடிக்கொண்டு வெடித்துப்போவதும் இந்த மூடிக்கு வழக்கமான விபத்து. மூடியை அடைத்துப் பூட்டி, மேலே வெண்துணி போர்த்துவதே நிறுத்தி வைத்த விமானத்துக்கு அழகு.

மாலையிலே கொட்டகைக்குள் விமானங்களை அடுக்குவதுதான் நாள் முழுவதிலும் நுட்பமான வேலை. பறந்து களைத்து, தேநீர்மேல் நினைவு வைத்து, வெளிச்சமும் குறைந்துவரும் நேரத்தில் இவ்வேலை வருகின்றது. எட்டு விமானங்களை இறக்கையோடு இறக்கை தொடாமல் வரிசையாய் நிறுத்தினால் 136 மீற்றர் அகலமான கொட்டகை வேண்டும். எந்தக் கழகத்துக்கும் அத்தகைய வசதி எளிதிற் கிட்டாது. ஆகவே ஒன்றின் தாழ்ந்த இறக்கை மற்றொன்றின் உயர்ந்த இறக்கையின் கீழே நுழைய, ஒன்றின் மூக்கு மற்றொன்றின் வாலருகே நிற்க, பாய் பின்னுவதுபோல விமானங்களைப் பின்னி வைப்பர். எது முதலிற் புகவேண்டும், எது எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதெல்லாம் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும். சில கொட்டகைகளிலே சக்கரம் உருளவேண்டிய பாதையை நிலத்தில் வண்ணக்கோடாக வரைந்து, அடுக்கும் படத்தைச் சுவரிலே தொங்கவிட்டிருப்பர். இடம் மிகவும் நெருக்கமானால், விமானத்தின் சக்கரத்தையே சிறிய தட்டுவண்டியில் ஏற்றிப் பக்கவாட்டிலே நகர்த்துவதும் உண்டு.

இங்கே கவனிக்கப்படவேண்டியது உயரம். நிலத்தைப் பார்த்துக்கொண்டு தள்ளுபவன் தலைக்கு மேலுள்ளதைக் காணமாட்டான். ஏ.எஸ்.கே. 21 இன் வால் ஆங்கில எழுத்து ‘ரீ’யைப்போன்றது, அதன் குறுக்கு இறக்கை உச்சியிலே இருக்கின்றது. அதே தொழிற்சாலை 1966 இற் பறக்கவிட்ட பழைய ஏ.எஸ்.கே. 13 இல் அது தாழ்வாகவே இருந்தது. பழைய விமானத்தின் வாலின் மேலாக எளிதிற் சென்ற இறக்கை, புதிய விமானத்தின் வாலிலே மோதும். ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தும்போது மறுபக்கம் உயர்ந்து கூரைத் தீராந்தியை முட்டுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு நுனிக்கும் ஒரு கண், வாலுக்கு ஒரு கண், மூக்குக்கு ஒரு கண் என்று ஆட்கள் நிற்கவேண்டும். போதிய ஆள் இல்லையேல் ஆள் வரும்வரை விமானம் வெளியே நிற்பதே மேல். இரண்டு பேராய் அவசரப்பட்டுத் தள்ளி மிச்சப்படுத்திய பத்து நிமிடத்துக்காகப் பல வாரம் பழுதுபார்க்கும் மனையிலே விமானம் கிடப்பதைக் கண்ட கழகங்கள் பல.

கொட்டகையின் அமைப்பையும் பறப்பவர்களே நன்கறிவர். டன்ஸ்டபிளிலே 1930 களின் நடுவிற் கழகமனையும் கொட்டகையும் ஒன்றாய் இணையுமாறு கட்டடத்தை வரைந்த கிற் நிக்கல்சன் என்னும் சிற்பி தாமே கிளைடர் ஓட்டியவர். 1948 இல் சுவிற்சர்லாந்தில் நடந்த உலகப் போட்டியின்போது விபத்திலே அவர் உயிரிழந்தார். கொட்டகையின் பெருங்கதவுகளைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். பலத்த காற்றிலே காற்று வரும் பக்கத்துக் கதவைத் திறந்தால், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைத் தூக்கப் பார்க்கும். உள்ளே நிற்கும் விமானங்களையும் அசைக்கும். வேண்டிய அளவு மட்டும் திறந்து, விமானம் புகுந்தவுடன் மூடிவிடுதல் வேண்டும்.

வாலின் கீழே மாட்டும் சிறு சக்கரவண்டியைப் பற்றி முன்னர்க் கூறப்பட்டது. தரையிலே விமானத்தைக் காக்கும் அதே வண்டி, மறதியினாலே கழற்றப்படாமல் வானுக்கு ஏறினால் உயிருக்கே உலையாகும். ஐந்து கிலோகிராம் எடையுள்ள வண்டிதானே என்று எண்ணலாகாது. அது விமானத்தின் எடைமையத்துக்கு ஏறத்தாழ நான்கு மீற்றர் பின்னால் இருக்கின்றது. விமானியோடு சேர்த்து 350 கிலோகிராம் எடையுள்ள ஒரு கிளைடரிலே அது எடைமையத்தை ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் பின்னே தள்ளிவிடும். ஓர் ஆசனக் கிளைடர்கள் பலவற்றில், எடைமையம் முன்பின்னாக நகரலாம் என்று அனுமதிக்கப்பட்ட முழு எல்லையே ஒரு சாணுக்கும் குறைவு. விமானி மெலிந்த உடலினராயின் மையம் முன்னரே பின்னெல்லையை அடுத்திருக்கும். வண்டியின் எடை அதனை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். அந்நிலையிலே விமானம் கைப்பிடிக்கு அடங்காது மூக்கை உயர்த்தும். வேகம் குன்றிச் சுழலத் தொடங்கினால் மீட்பது அரிது. இவ்வகை விபத்துகள் நிகழ்ந்தே இருக்கின்றன. அதனால் அவ்வண்டிக்குக் கண்ணைப் பறிக்கும் நிறம் பூசுவர். புறப்படுமுன்னர் இறக்கை நுனியைத் தூக்குபவர், ஒரு முறை வாலைத் திரும்பிப் பார்த்த பின்னரே தூக்குவார். அவர் விமானியல்லர், சம்பளம் பெறுபவரும் அல்லர். ஆயினும் அந்த ஒரு பார்வையிலே விமானியின் உயிர் தங்கியிருக்கின்றது.

தரையிலே பட்ட காயம் தரையோடு முடிவதில்லை என்பதும் இதன் தொடர்ச்சியே. பழைய மர விமானங்களிலே, மேலே போர்த்த துணியும் ஒட்டுப்பலகையும் பழுதின்றித் தோன்ற, உள்ளே பசை விட்டுப் போயிருக்கும். இன்றைய கண்ணாடியிழை விமானங்களிலும், மேற்பூச்சிலே மயிரிழைபோன்ற ஒரு கீற்று மட்டும் தெரிய, அதன் கீழே படைகள் பிரிந்திருக்கக்கூடும். இறக்கை நுனி கதவிலே இலேசாக இடித்தது, ஒருவரும் காணவில்லை, இடித்தவனுக்கோ வெட்கம். மறுநாட் காலையில் வேறொருவர் அதிலே ஏறி இரண்டாயிரம் அடிக்குப் போகிறார். இந்த நிலையை விலக்குவதற்காகவே, நல்ல கழகங்களிலே இடித்ததைச் சொன்னவனை எவரும் கடிந்துகொள்வதில்லை. பழுதுக்கான செலவைக் கழகம் ஏற்கலாம், காப்புறுதி ஏற்கலாம். சொல்லாமல் மறைத்தவனை மட்டும் மன்னிப்பதில்லை.

ஒவ்வொரு நாளும் முதற் பறப்புக்கு முன்னர், தகுதி பெற்ற ஒருவர் விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை சோதித்து, அதற்கென உள்ள புத்தகத்திலே கையொப்பமிடவேண்டும். முன்விளிம்பை விரலால் நெடுக வருடிப் பார்ப்பார். மடல்களை மெல்ல அசைத்துப் பார்ப்பார். வாலின் பிணைப்பை உற்றுப் பார்ப்பார். முந்திய மாலை யாரோ ஒருவர் வந்து, ‘வலது நுனி கதவிலே தட்டியது’ என்று சொல்லியிருந்தால், அவர் அன்று வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னர் அந்த நுனியைப் பார்ப்பார். ஐயம் தீராவிட்டால், பறக்கலாகாது என்று எழுதிய அட்டை ஒன்று விமானியின் ஆசனத்திலே வைக்கப்படும். பரிசோதகர் வந்து பார்த்துக் கையொப்பமிடும்வரை அந்த அட்டையை எடுக்கும் உரிமை கழகத் தலைவருக்கும் இல்லை.